கையால் நிறுவியதையும் கணக்கில் எழுதுங்கள்: பாலக்காட்டு எல்லைத் தமிழ்வழிப் பள்ளிகளின் ஐ.டி. பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் ஊர்ப்பக்கங்களின் தமிழ்வழிப் பள்ளிகளில், பாடம் நடத்தும் வேலையோடு கணினி ஆய்வகத்தின் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்துவரும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். நானும் இந்தப் பகுதியில் தமிழ்வழியில் படித்தவன். கணினிகளைப் பழுதுபார்ப்பதும் பராமரிப்பதுமே என் தொழில். பள்ளிகள் அழைக்கும்போது கட்டணமின்றி வந்து உதவுவதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த உரிமையில் ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினிகளில் நாம் கையால், அதாவது இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து எடுத்து, நிறுவுகிற ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனியான இடம் ஒன்று இருக்க வேண்டும், எழுதிவைத்த கணக்கு ஒன்றும் இருக்க வேண்டும். இதுவரை நிறுவியவற்றுக்கு அந்தக் கணக்கை இந்தக் கோடை விடுமுறையிலேயே, ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள், எடுத்து முடிக்க வேண்டும்.

இதை வலியுறுத்தும் தகுதி எனக்கு வந்தது என் சொந்தத் தவற்றினால்தான் என்பதால், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019 பிப்ரவரியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பரிசுச் சான்றிதழ்கள் அச்சிட வேண்டியிருந்தது. ஆசிரியர் அறைக் கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 18.04 பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. மாணவர் பெயர்களில் 'ஸ்ரீ' என்ற எழுத்து வரும் இடங்களில் எல்லாம் கூட்டெழுத்து சேராமல், மெய்யும் 'ரீ'யும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. எழுத்துகளைக் கோத்து வடிவம் கொடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகக் கோப்பு (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்) பழையதாக இருப்பதே காரணம் என்று நான் முடிவு கட்டினேன். அதன் 2.3 வரிசைப் பதிப்பின் மூலநிரலை இறக்கி, 'கான்ஃபிகர்', 'மேக்', பிறகு 'சூடோ மேக் இன்ஸ்டால்' என்று வழக்கமான மூன்று கட்டளைகளையும் கொடுத்து நிறுவினேன். பிரச்சினை தீரவில்லை. வேறொரு எழுத்துருவை மாற்றியதும் தீர்ந்துவிட்டது. உண்மைக் காரணம் எழுத்துருதான். 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் 'ஶ' என்ற எழுத்து சேர்க்கப்பட்ட பிறகு, சில விசைப்பலகைகள் அந்த எழுத்தைக் கொண்டே 'ஶ்ரீ'யை அடிக்கின்றன. பழைய எழுத்துருக்களோ 'ஸ'வைக் கொண்டு அடித்தால் மட்டுமே அதைச் சேர்த்துக் காட்டும். சான்றிதழ்கள் நல்லபடியாக அச்சாகின. இறக்கிய மூலநிரல் கோப்புறையை இடத்தை அடைக்கிறது என்று அழித்தேன். நிறுவிய நூலகக் கோப்பை அப்படியே விட்டுவிட்டேன். எங்கும் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 தொடக்கத்தில், 18.04க்கான வழக்கமான ஆதரவுக் காலம் முடியப்போகிறது என்பதால் அந்தக் கணினியை 20.04 வழியாக 22.04க்கு உயர்த்தினோம். ஆசிரியர்களின் வினாத்தாள்களும் பதிவுகளும் அதில் இருந்ததால் முழுதாக அழித்து நிறுவ மனம் வரவில்லை. மேம்படுத்தல் முடிந்து மறுதொடக்கம் செய்தபோது உள்நுழைவுத் திரையே வரவில்லை. அடுத்த நாள் காலை மறுபடியும் ஆண்டு விழா. டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு, "தம்பி, மணி ஏழாச்சு, நாளைக்குப் பத்து மணிக்கு ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) வந்துருவாரு, லிஸ்ட் எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனேன். திரையின் முகப்பைக் காட்டும் க்னோம் ஷெல்லிடம் அதன் பதிப்பு என்ன என்று கேட்டேன். பதிப்பெண்ணுக்குப் பதிலாக, எழுத்துகளைத் திரையில் அமைக்கும் பேங்கோ நூலகத்துக்குத் தேவையான ஒரு குறியீடு கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்தி வந்தது. குறியீட்டின் பெயர் 'எச்பி' என்று தொடங்கியது. அந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்ததும்தான் ஹார்ஃப்பஸ் நினைவுக்கு வந்தது; ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் இரு பகுதிகளும் எச், பி என்றே தொடங்கும். ஒரு நிரல் எந்தெந்த நூலகக் கோப்புகளை எடுக்கிறது என்று காட்டும் 'எல்டிடி' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், உபுண்டு தந்திருந்த 2.7.4 பதிப்பைக் கடந்து, யூஎஸ்ஆர் லோக்கல் லிப் கோப்புறையில் 2019இல் நான் போட்ட கோப்பையே கணினி எடுத்துக்கொண்டிருந்தது. உபுண்டுவில் நூலகங்களைத் தேடும் வரிசையில் அந்தக் கோப்புறை முன்னால் வருகிறது. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் அங்கே இருப்பதே வெல்லும். புதிய பேங்கோ எதிர்பார்த்த செயற்கூறுகள் பழைய கோப்பில் இல்லை. அந்தக் கோப்புகளை அங்கிருந்து அகற்றி, நூலகங்களின் பட்டியலைப் புதுப்பிக்கும் 'எல்டிகான்ஃபிக்' கட்டளையை ஓட்டியதும் திரை வந்துவிட்டது. சரிசெய்ய எடுத்தது இரண்டு நிமிடம். கண்டுபிடிக்க எடுத்தது இரண்டரை மணி நேரம். அன்று அந்த இடத்தில் நான் இல்லாமல் வேறொருவர் இருந்திருந்தால், 'எச்பி' என்ற இரண்டு எழுத்துகள் அவருக்கு எதையும் உணர்த்தியிருக்காது. கணினியை முழுதாக அழித்து நிறுவியிருப்பார்கள், அதோடு வினாத்தாள்களும் போயிருக்கும்.

இது எதனால் நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனிலும், உபுண்டுவிலும், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கேரள அரசின் கைட் நிறுவனம் நம் பள்ளிகளுக்கென்றே தயாரித்துத் தரும் குனு லினக்ஸிலும், மென்பொருள் என்பது பொதியாக வருகிறது. பேக்கேஜ் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறோமே, அதைத்தான் பொதி என்கிறேன். பொதியைப் பிரித்துக் கோப்புகளை உரிய இடங்களில் வைக்கும் வேலையை டிபிகேஜி என்ற கருவி செய்கிறது. இணையத்தில் பொதிகளைச் சேர்த்துவைத்திருக்கும் களஞ்சியத்திலிருந்து பொதியை வரவழைப்பதும், அதற்குத் துணையாக வேண்டிய மற்ற பொதிகளைச் சேர்த்து எடுத்துவருவதும் ஆப்ட் என்ற கருவியின் வேலை. டிபிகேஜி தான் வைத்த ஒவ்வொரு கோப்பையும் எழுதிவைக்கிறது. வார், லிப், டிபிகேஜி, இன்ஃபோ என்ற கோப்புறைகளின் வழியே உள்ளே போய்ப் பார்த்தால், பொதிக்கு ஒன்றாக 'லிஸ்ட்' என்று முடியும் எளிய உரைக்கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள். வரிக்கு ஒரு கோப்பின் முழு முகவரி, வேறெதுவும் கிடையாது. பொதியை நீக்கச் சொன்னால் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நீக்குகிறது. ஒரு கோப்பு எந்தப் பொதிக்குச் சொந்தம் என்று கேட்டாலும் அந்தப் பட்டியல்களைத் தேடித்தான் பதில் சொல்கிறது.

'மேக் இன்ஸ்டால்' அந்தப் பட்டியலைத் தொடுவதே இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் வாளையார்ச் சோதனைச் சாவடிதான். சாவடியில் நிறுத்திச் சோதித்து அனுப்பிய வண்டிக்குப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓடும் ஊடுவழியில் வந்த வண்டியும் பாலக்காட்டுக்குள் வந்து சேர்ந்துவிடும், ஆனால் அதைப் பற்றிச் சாவடிக்காரரிடம் கேட்டால் அவரால் எதுவும் சொல்ல முடியாது. 'என் கணினியில் என்னென்ன இருக்கிறது' என்று ஆப்டிடம் கேட்கும்போது நமக்குக் கிடைப்பது சாவடிப் பதிவேடு மட்டுமே. ஊடுவழிக்கும் ஒரு பதிவேடு வேண்டுமென்றால் அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

கையால் நிறுவுவதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழுக்கென்று ஆர்வலர்கள் எழுதிய சிறிய கருவிகள் பல, களஞ்சியங்களில் இல்லை. அவற்றை வேண்டாம் என்று ஒதுக்கினால் இழப்பு நம் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் களஞ்சியத்தில் இருப்பதையே தேடிப் பார்க்காமல் இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் பழக்கத்தை நான் போன பள்ளிகளில் எல்லாம் பார்த்துவிட்டேன். தமிழ்99 விசைப்பலகைக்காக எங்கிருந்தோ ஒரு நிறுவியை இறக்கியிருப்பார்கள். ஐபஸ் எம்17என் என்ற பொதியை ஆப்ட் வழியாகப் போட்டாலே தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு முறை எல்லாம் வந்துவிடும். அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக மாற்றும் டெசராக்டுக்குத் தமிழ்த் தரவு தனிப் பொதியாகவே களஞ்சியத்தில் இருக்கிறது. லிப்ரே ஆஃபிஸின் தமிழ் இடைமுகமும் அப்படித்தான், தமிழ் எழுத்துருத் தொகுப்புகளும் அப்படித்தான். ஆகவே ஒரு மென்பொருள் வேண்டும் என்று யாராவது கேட்டால், உலாவியைத் திறப்பதற்கு முன் களஞ்சியத்தில் தேடும் ஒரு நிமிடத்தைத் தயவுசெய்து செலவிடுங்கள்.

களஞ்சியத்தில் இருப்பது பழைய பதிப்பு, இணையத்தில் புதியது இருக்கிறது என்ற வாதத்தைப் பயிற்சி முகாம்களில் அடிக்கடி கேட்கிறேன். பதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பாதுகாப்பை எடைபோட முடியாது என்பதற்கு 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் குறையை எப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் இருந்த அந்த ஓட்டை 1.0.1ஜி பதிப்பில் அடைக்கப்பட்டது. அப்போதைய டெபியன் 7 அந்தப் புதிய பதிப்புக்குத் தாவவில்லை. தன்னிடம் இருந்த 1.0.1இ பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் பொருத்தி, பொதியின் எண்ணில் 'டெப்7யூ5' என்று வாலைச் சேர்த்து வெளியிட்டது. வழக்கம்போல ஆப்ட் வழியாக மேம்படுத்தி, சேவைகளை மறுதொடக்கம் செய்தவர்களுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. அதே நூலகத்தை மூலநிரலிலிருந்து கையால் கட்டி நிறுவியவர்களுக்கு எந்த மேம்படுத்தலும் உதவவில்லை. தாங்கள் நிறுவியது நினைவிருந்தவர்கள் மறுபடி கட்டினார்கள். மறந்தவர்களின் கணினிகளில் ஓட்டை அப்படியே இருந்தது. கையால் ஒன்றை நிறுவுகிற நாளில், அதற்கு வரப்போகும் பாதுகாப்புத் திருத்தங்களைக் கவனிக்கும் வேலையையும் நாமே ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த ஆண்டு இடமாற்றம் வாங்கிப் போகப்போகும் ஓர் ஆசிரியரின் தலையில் அந்த வேலையைச் சொல்லாமல் ஏற்றிவிட்டுப் போவது சரியல்ல.

பொதியையே தனியாக 'டெப்' கோப்பாக இறக்கி நிறுவினால் கவலையில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. அது பாதி உண்மை. டிபிகேஜி வழியாகப் போவதால் பட்டியலில் ஏறும், நீக்குவது எளிது. ஆனால் அந்தப் பொதி எந்தக் களஞ்சியத்திலும் இல்லை என்றால் அதற்கு மேம்படுத்தல் ஒருபோதும் வராது. கூகுள் குரோம் போன்ற சில, நிறுவும்போதே தம் களஞ்சிய முகவரியையும் ஆப்டின் பட்டியலில் சேர்த்துவிடுகின்றன. பெரும்பாலானவை அப்படிச் செய்வதில்லை. இன்னொன்றும் உண்டு. பொதிக்குள் இருக்கும் நிறுவல் நிரல்கள், கணினியில் எதையும் மாற்றக்கூடிய ரூட் அதிகாரத்தோடு ஓடுகின்றன. யார் கட்டியது என்று தெரியாத ஒரு 'டெப்' கோப்பை இருமுறை சொடுக்கி, கடவுச்சொல்லைக் கொடுக்கும்போது, அவருக்கு நம் கணினியின் முழுச் சாவியையும் கொடுக்கிறோம். இணையத்தில் கிடைக்கும் ஒற்றை வரிக் கட்டளையை நகலெடுத்து, அது எங்கிருந்தோ இறக்கும் நிரலை, ரூட் அதிகாரம் தரும் 'சூடோ' போட்டு ஓட்டுவதும் இதே கதைதான். அந்த நிரலை முதலில் கோப்பாக இறக்கித் திறந்து படித்துவிட்டு ஓட்டும் பொறுமை நமக்கு வர வேண்டும்.

பிபிஏ எனப்படும் தனியார் களஞ்சியங்கள் இன்னும் நுட்பமானவை. சேர்த்த அன்று எல்லாம் நன்றாக இருக்கும். உபுண்டுவின் தானியங்கிப் பாதுகாப்பு மேம்படுத்தல், இயல்பான அமைப்பில், அவற்றைத் தொடுவதில்லை. இயங்குதளத்தையே அடுத்த வெளியீட்டுக்கு உயர்த்தும்போது அவை முடக்கப்படுகின்றன, அவற்றிலிருந்து வந்த பொதிகளோ அனாதையாகத் தங்கிவிடுகின்றன. உயர்த்துவதற்கு முன் அந்தப் பொதிகளை உபுண்டுவின் சொந்தப் பதிப்புக்குத் திருப்பிவிட 'பிபிஏ பர்ஜ்' என்ற கருவி இருக்கிறது. அதை ஓட்ட வேண்டும் என்பது யாருக்கு நினைவிருக்கும்? எழுதிவைத்தவருக்கு மட்டும்தான்.

பைத்தான் என்ற நிரல்மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிள்ளைகள் பைத்தான் கற்கிறார்கள், ஆர்வத்தில் நூலகங்களை நிறுவுகிறார்கள், ஆய்வகக் கணினிகள் பெரும்பாலும் பழுதாவது இந்த வழியில்தான். உபுண்டுவில் பைத்தான் பாடத்துக்கான கருவியாக மட்டும் இல்லை, இயங்குதளத்தின் எலும்பிலேயே இருக்கிறது. ஒரு பள்ளியில், பைத்தானின் புதிய பதிப்பு வேண்டுமென்று 3.11ஐ நிறுவி, 'பைத்தான்3' என்ற பெயர் அதைச் சுட்டும்படி ஓர் இளைஞர் மாற்றிவிட்டுப் போனார். அடுத்த நாள் டெர்மினல் (கட்டளைகளை எழுதும் சாளரம்) திறக்கவே மறுத்தது. உபுண்டு 22.04இல் டெர்மினலைத் திறக்கும் கட்டளையே ஒரு சிறிய பைத்தான் நிரல். அதற்கு வேண்டிய நூலகம் 3.10க்காகக் கட்டப்பட்டது, 3.11இல் ஏறாது. டெர்மினல் இல்லாமல் இதைச் சரிசெய்ய வேண்டிய நிலையில் அந்த ஆசிரியர் என்ன செய்வார்? நல்லெண்ணத்தோடு வந்த அந்த இளைஞரையும் நான் குறை சொல்ல மாட்டேன், இதை யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை.

பைத்தான் நூலகங்களை இறக்கித் தரும் 'பிப்' வழியாக 'சூடோ' போட்டு நிறுவுவதும் இதே வகை ஆபத்து. ஆப்ட் வைத்திருக்கும் நூலகத்தை மறைத்துக்கொண்டு வேறொரு பதிப்பு வந்து உட்கார்ந்துவிடும். 2023இல் வந்த டெபியன் 12இலும், 24.04 உள்ளிட்ட புதிய உபுண்டு வெளியீடுகளிலும் 'பிப்'பை நேரடியாக இயக்கினால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லித் தடுத்துவிடுகிறது. 22.04இல் அந்தத் தடுப்பு இல்லை. எனவே பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே 'வென்வ்' என்ற மெய்நிகர்ச் சூழலை உருவாக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு கோப்புறை, அதற்குள் ஒரு பைத்தான், அதற்குள் அவர்கள் விரும்பிய நூலகங்கள். வேண்டாமென்றால் கோப்புறையை அழித்தால் போதும், கணினிக்கு எதுவும் ஆகாது.

அடுத்தது இடம். டெபியனின் கொள்கைப்படி எந்தப் பொதியும் யூஎஸ்ஆர் லோக்கல் கோப்புறைக்குள் கோப்புகளை வைக்கக்கூடாது. அது அந்தக் கணினியைப் பராமரிப்பவருக்கென்று விடப்பட்ட நிலம். நமக்கென்று ஓர் இடம் இருக்கும்போது யூஎஸ்ஆர் பின் கோப்புறைக்குள் நேரடியாக எதையும் நகலெடுத்துப் போடாதீர்கள்; அதே பெயரில் ஒரு கோப்பு பொதியில் இருந்தால் அடுத்த மேம்படுத்தல் அதை ஓசையின்றி மேலெழுதிவிடும். ஆனால் யூஎஸ்ஆர் லோக்கலில் போட்டால் மட்டும் போதாது என்பதற்கு என் ஹார்ஃப்பஸ் கதையே சாட்சி. அங்கே பத்து மென்பொருள்களின் கோப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எது எதனுடையது என்று பிரிக்க முடியாது.

இதற்கு நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை ஸ்டோ என்ற சிறிய குனு கருவி. மென்பொருளை யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் 'ஸ்டோ' என்ற கோப்புறையில், அதன் பெயரும் பதிப்பும் கொண்ட தனி அறையில் நிறுவுகிறேன்; 'கான்ஃபிகர்' கட்டளையில் 'பிரிஃபிக்ஸ்' என்ற இடத்தில் அந்த முகவரியைக் கொடுத்தால் போதும். பிறகு அந்த 'ஸ்டோ' கோப்புறைக்குச் சென்று 'ஸ்டோ' என்று எழுதி அறையின் பெயரைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் யூஎஸ்ஆர் லோக்கலின் பின், லிப், ஷேர் கோப்புறைகளில் ஒரு சுட்டியை அது வைத்துவிடுகிறது. உண்மைக் கோப்பு அறையிலேயே இருக்கிறது. 'டி' (ஆங்கிலப் பெரிய எழுத்து) என்ற விருப்பத்தோடு அதே கட்டளையைக் கொடுத்தால் சுட்டிகள் எல்லாம் மறைகின்றன, கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்பது சுட்டியைப் பார்த்தாலே தெரியும். அந்த ஸ்டோ கோப்புறையைத் திறந்து பார்ப்பதே பாதிக் கணக்கைப் பார்த்தது போலாகிவிடும். ஸ்டோ களஞ்சியத்திலேயே பொதியாகக் கிடைக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை: கணினி ஏற்கெனவே பயன்படுத்தும் நூலகக் கோப்பின் வேறொரு பதிப்பை இந்த வழியிலும் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் இணைக்காதீர்கள். சுட்டியாக வைத்தாலும் தேடும் வரிசை மாறாது, நான் பட்டதையே நீங்களும் படுவீர்கள். அப்படி ஒரு நூலகம் கட்டாயம் தேவைப்பட்டால் ஆப்ட் என்ற கோப்புறைக்குள் தனியாக வைத்து (இது ஓ, பி, டி என்ற மூன்றெழுத்துக் கோப்புறை, கட்டளையின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்), அது வேண்டிய ஒரு மென்பொருளுக்கு மட்டும் வழி காட்டுவதே சரி.

செக்இன்ஸ்டால் என்ற கருவி, 'மேக் இன்ஸ்டால்' செய்யப்போவதைக் கவனித்து அதை ஒரு பொதியாகக் கட்டி டிபிகேஜியிடம் ஒப்படைக்கும். சிலருக்கு அது பிடிக்கும். ஃபிளாட்பேக், ஸ்னாப் ஆகிய வேறு வகைப் பொதிமுறைகள் தமக்கென்று தனிப் பட்டியல் வைத்திருப்பதால் அவற்றைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. இடம்தான் அதிகம் பிடிக்கும், நம் பழைய கணினிகளில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆப்இமேஜ் என்பது நிறுவாமலே ஓட்டக்கூடிய ஒற்றைக் கோப்பு. 22.04இல் 'லிப்ஃப்யூஸ்2' பொதியைச் சேர்த்தால்தான் பெரும்பாலான ஆப்இமேஜ்கள் ஓடும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. நான் கேட்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. கணினியிலேயே கோப்பாக எழுதிவைக்கலாமே என்று கேட்பீர்கள். திரை வராத காலையில் அந்தக் கோப்பு உதவாது என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான். ஆய்வக இருப்புப் பதிவேட்டோடு சேர்த்து அலமாரியில் வையுங்கள். ஒவ்வொரு நிறுவலுக்கும் எந்தக் கணினி, எந்தத் தேதி, மென்பொருளின் பெயரும் பதிப்பும், எங்கிருந்து இறக்கியது, கொடுத்த கட்டளைகள் வரிக்கு வரி, எந்தக் கோப்புறையில் இருக்கிறது, நீக்குவது எப்படி, செய்தவர் யார் என்று எழுதுங்கள். இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது 'எதற்காக' என்ற ஒரு வரி. 2019இல் 'ஸ்ரீ சேரவில்லை என்பதற்காக' என்று நான் எழுதியிருந்தால், எழுத்துருவை மாற்றிய அன்றே அந்தக் காரணம் தீர்ந்துவிட்டது என்று பார்த்து நூலகத்தை நீக்கியிருப்பேன். காரணம் எழுதப்படாத நிறுவலை நீக்க யாருக்கும் துணிவு வருவதில்லை. 'யாரோ எதற்கோ போட்டிருக்கிறார்கள், இருக்கட்டும்' என்று அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

ஏற்கெனவே நிறுவியவற்றைக் கண்டுபிடிப்பதும் நீங்கள் அஞ்சுகிற அளவுக்குக் கடினமில்லை. ஆப்டிடம் நிறுவப்பட்டவற்றின் பட்டியலைக் கேளுங்கள். அதில் 'லோக்கல்' என்று குறிப்பு வருபவை எந்தக் களஞ்சியத்திலும் இல்லாதவை, பெரும்பாலும் கையால் இறக்கிய 'டெப்' கோப்புகள் அல்லது அனாதையான பிபிஏ பொதிகள். பிறகு யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் 'ஃபைண்ட்' கட்டளையால் கோப்புகளை எல்லாம் பட்டியலிடுங்கள். புதிதாக நிறுவிய கணினியில் அங்கே பெரும்பாலும் வெறும் கோப்புறைகளே இருக்கும், ஆகவே அங்கே காண்பது ஏறக்குறைய எல்லாமே மனிதர் கைபட்டது. ஓபிடி கோப்புறையையும், ஆப்டின் 'சோர்சஸ் லிஸ்ட் டி' கோப்புறையையும் திறந்து பாருங்கள். யூஎஸ்ஆர் பின்னில் இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக 'டிபிகேஜி எஸ்' (எஸ் ஆங்கிலப் பெரிய எழுத்து) கட்டளையிடம் கொடுத்து உரிமையாளரைக் கேட்கலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல்: 22.04இல் பின் என்ற பழைய கோப்புறை யூஎஸ்ஆர் பின்னோடு இணைக்கப்பட்டுவிட்டாலும், 'எல்எஸ்' போன்ற அடிப்படைக் கட்டளைகளின் பொதிப் பட்டியலில் பழைய முகவரியே இருக்கிறது. யூஎஸ்ஆர் பின் முகவரியைக் கொடுத்தால் அப்படி ஒரு கோப்பு எந்தப் பொதியிலும் இல்லை என்று பதில் வரும். அதைப் பார்த்து அனாதைக் கோப்பு என்று அழித்துவிடாதீர்கள், பழைய முகவரியையும் கொடுத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த அவசரத்தில் கணினியையே இழந்தார்.

கணக்கெடுப்பு முடியும்வரை எதையும் நீக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். முதலில் எழுதுவோம், பிறகு பேசி முடிவெடுப்போம்.

இந்த வேலைக்கு உங்கள் பள்ளியில் கைட்டின் மாணவர் ஐ.டி. மன்றமான லிட்டில் கைட்ஸ் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பட்டியலைப் படிக்க, இன்னொருத்தி நோட்டில் எழுத, ஒரு கணினிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. எழுதும் மொழி தமிழாகவே இருக்கட்டும். கட்டளைகளை மட்டும் உள்ளபடி எழுதினால் போதும். மலையாள வழிப் பிரிவின் ஆசிரியரும் அதே ஆய்வகத்தைப் பயன்படுத்தினால் அவருக்கும் புரியும்படி தேதியும் பெயரும் தெளிவாக இருக்கட்டும்.

என்னைப் போலவே பொள்ளாச்சியிலும் கோவையிலும் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறைக்கு வரும்போது படித்த பள்ளிக்குப் போய்க் கணினிகளைச் சரிசெய்து கொடுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, தங்கைகளே, நீங்கள் செய்யும் உதவி பெரிது. டீச்சர் நோட்டைக் கொடுக்க மறந்தாலும் நீங்களே கேட்டு வாங்கி எழுதிவிட்டுப் போங்கள். நீங்கள் திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவீர்கள், செவ்வாய்க்கிழமை அந்தக் கணினிக்கு முன் அமர்வது அவர்தான்.

ஆசிரியர்களே, மே மாதத்துச் சனிக்கிழமைகளை இதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளி அழைத்தாலும் காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுவேன். ஆய்வகத்தைத் திறந்துவைத்து, கணினிகளை எண்ணிட்டு, ஒரு புதிய நோட்டை மேசைமேல் வைத்திருங்கள். முதல் பக்கத்தில் ஆசிரியர் அறைக் கணினியின் பெயரை எழுதி, அதன்கீழ் ஹார்ஃப்பஸ் என்று நானே எழுதித் தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
தமிழ்வழியில் படித்த முன்னாள் மாணவன்,
கொழிஞ்சாம்பாறை.